பாலைவனத்தில் மிளகாய்க்கு எது மாதம்?

கைப்பேசியில் கேள்வி வந்து விழுந்த கையோடு பதிலைத் தட்டி அனுப்பிவிடுகிறீர்களாமே, பண்ணைக்குப் புதிதாக வந்த நீங்கள் இரண்டு பேரும்! பண்ணை முதலாளி, நம் தவுக்கே, பெருமையாகச் சொன்னார். வாடிக்கையாளர் கேட்டு முடிப்பதற்குள் பதில் போய்ச் சேர்ந்துவிடுகிறதாம். கேட்டதும் கிளம்பி வந்துவிட்டேன். வேகம் நல்லதுதான். நானும் மந்தமானவள் இல்லை. திரிங்காப் நாற்றுப்பண்ணையில் விதைத் தட்டுகளுக்கு நடுவே ஓடிய ஓட்டத்தில்தான் என் முட்டிகள் இரண்டும் தேய்ந்தன. ஆனால் யோசிக்காமல் நான் சொன்ன ஒரு பதிலுக்குப் பிறகு நடந்ததை உங்களிடம் சொல்லியே ஆகவேண்டும். ஓய்வு பெற்றவள் வாயை மூடிக்கொண்டு வீட்டில் இருக்கக்கூடாதா என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றைக் கவனித்தீர்களா? இந்த மலையில் யாரும் நம்மிடம் ‘எப்போது நடலாம்’ என்று கேட்பதே இல்லை. எந்த ரகம், எத்தனை தட்டு, லோரி எப்போது வரும், இவ்வளவுதான் கேட்பார்கள். கேமரன் மலையில் ஜனவரியும் ஒன்றுதான், ஜூலையும் ஒன்றுதான். வருடம் முழுக்க நடுகிறோம், வருடம் முழுக்கப் பறிக்கிறோம். நமக்கு எதிரி மழை. அதனால் செடியைப் பார்த்ததும் கை தானாகவே தலைக்கு மேல் பிளாஸ்டிக் கூரை தேடும். வெயில் எட்டிப் பார்த்தால் விருந்தாளி வந்த மாதிரி ஓடிப்போய்த் தட்டுகளை வெளிச்சத்துக்கு இழுப்போம். நானும் அப்படித்தான், எனக்கு வேலை பழக்கிய தவுக்கேயும் அப்படித்தான், என்னிடம் வேலை பழகிய புனிதாவும் அப்படித்தான்.

புனிதா யார் என்று உங்களுக்குத் தெரியாது. நாங்கள் இரண்டு பேரும் ஒரே தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளில் பிறந்தவர்கள். நான் மேல் வரிசை, அவள் கீழ் வரிசை, வயதில் எனக்கு மகள் மாதிரி. பள்ளிப் படிப்பு முடிந்ததும் நாற்றுப்பண்ணைக்கு வந்தாள். குடைமிளகாய் நாற்றைத் தட்டிலிருந்து எடுத்துத் தொட்டியில் வைக்கும்போது அவள் விரல் பட்டதே செடிக்குத் தெரியாது. வேர் அறுந்தது என்ற பேச்சே கிடையாது. நான் ஓய்வு பெற்றதும் என் வேலை அவளுக்கு என்று தவுக்கே முடிவு செய்து வைத்திருந்தார். நானும் அந்த நம்பிக்கையில்தான் முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு நாளை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அவள் புருஷன் குணா காய்கறி லோரி ஓட்டியவன். வண்டி நின்றுபோனால் நடுரோட்டிலேயே படுத்து என்ஜினைப் பிரித்து மாட்டிவிடுவான். அந்தக் கைக்கு வளைகுடாவில் ஒரு பாலைவன ஊரில் வேலை கிடைத்தது. பெரிய வண்டிகளைப் பழுதுபார்க்கும் ஒர்க்‌ஷாப்பில் ஃபோர்மேன். அவன் ஒரு நவம்பரில் போனான். பிப்ரவரி கடைசியில் புனிதாவும் போனாள். தவுக்கே அன்றைக்கு முழுக்க நாற்று தண்ணீர் கேட்கிறதா என்று பார்க்கிற சாக்கில் முளை அறைக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தார்.

போன வேகத்தில் புனிதா கூப்பிட்டாள். கம்பெனி கொடுத்த வீட்டுக்குப் பின்னால் சுவர் கட்டிய ஒரு சின்ன இடம் இருக்கிறதாம். வெறும் மணல்.

“அக்கா, மிளகாய் போடலாம்னு இருக்கேன். குடைமிளகாயும் கொஞ்சம் பச்சை மிளகாயும். எப்ப நடலாம் இங்க?”

“எப்ப நடலாமா? இதுல என்னடி நாள் பார்க்கிறது? மண்ணு ரெடியா இருந்தா நட்டுரு லா!”

சிரித்துக்கொண்டே சொன்னேன். அவளும் சிரித்தாள். நாற்றுப்பண்ணையில் வளர்ந்தவள் நடுவதற்கு நாள் கேட்கிறாளே என்று அன்று முழுக்க அதைச் சொல்லிச் சொல்லித் தவுக்கேயையும் சிரிக்க வைத்தேன்.

அங்கே ஒரு கடையில் விதை வாங்கி நாற்று விட்டாள். மே மாதம் பிறக்கும்போது நட்டுவிட்டு ஒரு படம் அனுப்பினாள். அதைப் பார்த்து நான் பூரித்துப்போனேன். குழாய்களை வளைத்து நட்டு, மேலே பிளாஸ்டிக் தாள் போர்த்தி, நம் பண்ணையில் உள்ளதைப் போலவே அச்சு அசலாக ஒரு மழைக்கூரை போட்டிருந்தாள். சொன்னால் நம்பமாட்டீர்கள், ‘நம்ம பிள்ளை!’ என்று அந்தப் படத்தை எல்லோருக்கும் காட்டினேன். பண்ணையில் பார்த்தவர்கள் அத்தனை பேரும் நன்றாகக் கட்டியிருக்கிறாள் என்றுதான் சொன்னார்கள். மழையே பெய்யாத ஊரில் எதற்கு மழைக்கூரை என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை!

இரண்டு நாள் கழித்து அடுத்த படம் வந்தது. செடிகள் வாடவில்லை, வெந்திருந்தன. சட்டியில் வதக்கிய கீரை மாதிரி மண்ணோடு ஒட்டிக் கிடந்தன. அந்த வெயிலில் பிளாஸ்டிக்குக்குள் கையை விட்டால் அடுப்புக்குள் விட்ட மாதிரி இருக்கிறது என்று எழுதியிருந்தாள்.

அவள் சோர்ந்து உட்காரவில்லை. அங்கிருந்த கடையில் வளர்ந்த மிளகாய்ச் செடிகள் நாலைந்து வாங்கி வைத்தாள். குணா பிளாஸ்டிக்கைப் பிரித்தெறிந்துவிட்டு நிழல்வலை கட்டிக் கொடுத்தான். செடிகள் பிழைத்தன. தழைத்தன. பூத்தன. பூத்த பூவெல்லாம் காலையில் மணலில் கிடந்தன. ஒன்றுகூடப் பிஞ்சாகவில்லை. தினமும் காலையில் பூவைக் கூட்டி அள்ளுவதுதான் அவள் வேலையாகப் போனது. என்னிடம் கேட்டாள். உரம் கூடிவிட்டதா என்றேன், பூச்சி இருக்கிறதா என்றேன். இந்த மலையில் பூ கொட்டினால் நாம் கேட்கிற கேள்விகள் எல்லாவற்றையும் கேட்டேன். எல்லாவற்றுக்கும் இல்லை என்றாள்.

இப்படியே ஆகஸ்ட் வந்தது. அந்த மாதக் கடைசியில் நடந்ததுதான் நான் சொல்ல வந்தது.

அன்று காலை தவுக்கே என்னிடம் வந்தார். கையில் தேநீர்க் கோப்பை. நேராகப் பேச்சைத் தொடங்கினார்.

“ரோஸ், அந்தப் பொண்ணைத் திரும்ப வரச்சொல்லு லா. அங்க செடியும் இல்ல ஒண்ணும் இல்ல. உன் வேலை அவளுக்குத்தான். அவ வந்தா நீ மறுநாளே போய் ரெஸ்ட் எடுக்கலாம்.”

“நான் எப்படிச் சொல்றது தவுக்கே? புருஷன் அங்க இருக்கான்.”

“நீ சொன்னா கேப்பா,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. ரொம்பவே இருந்தது. வேலை முடிந்து பிரிஞ்சாங் பேருந்தில் ஏறுவதற்கு அப்போதெல்லாம் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து இழுக்கவேண்டியிருந்தது. மதியம் சாப்பாட்டு நேரத்தில் புனிதா கூப்பிட்டாள். அங்கே காலை. முகத்தைக் காட்டினாள், அழுதிருந்தது தெரிந்தது.

“சுசா லா அக்கா, ரொம்பக் கஷ்டம். முடியல. காலைல இருந்து ராத்திரி வரைக்கும் ஏர்கோனுக்குள்ளயே கெடக்கேன். வெளிய போனா தோல் பொசுங்குது. அவருக்கு இந்த வேலை ரொம்பப் பிடிச்சிருக்கு. வாழ்க்கைல மொத தடவ, கீழ வேலை செய்யுற நாலு பேரு அவரை போஸ்னு கூப்பிடுறாங்க. அவரை வாங்கன்னு கூப்பிட எனக்கு மனசு இல்ல. ஆனா ஒரு செடி காய்க்காத ஊர்ல நான் எப்படி இருக்கிறது?”

“என்ன பண்ணப் போற?”

“கிறிஸ்துமஸுக்குக் கம்பெனி டிக்கெட் தருது. அதுல வந்தேன்னா நான் திரும்பிப் போகமாட்டேன். அவர் இங்க இருக்கட்டும், நான் அங்க இருக்கேன். அதுக்கு முன்னாடி உங்கள ஒண்ணு கேட்டுக்கிறேன். இங்க மிளகாய் காய்க்குமா, காய்க்காதா? காய்க்கும்னு நீங்க சொன்னா கிறிஸ்துமஸ் வரைக்கும் முயற்சி பண்றேன். காய்க்காதுன்னா சொல்லிடுங்க, இன்னைக்கே பெட்டியக் கட்டுறேன்.”

குணா அவளுக்குப் பின்னால் வேலைக்குப் போக உடுத்திக்கொண்டு நின்றான். அவன் முகம் பாதிதான் தெரிந்தது. அந்தப் பாதி போதும், என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று புரிய.

பிள்ளைகளே, என் நிலைமையை நினைத்துப் பாருங்கள். ‘காய்க்காது’ என்று ஒரு வார்த்தை போதும். அது பொய் என்றுகூட யாரும் சொல்ல முடியாது. ஒரு தடவை வெந்தது, ஒரு தடவை கொட்டியது, கண்ணால் பார்த்தாயிற்று. தவுக்கேக்கு ஆள் கிடைக்கும், எனக்கு ஓய்வு கிடைக்கும், புனிதா சொந்த மலைக்கு வந்துவிடுவாள். அந்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. மறைக்காமல் சொல்கிறேன், வந்தது.

ஆனால் நாற்றுப்பண்ணைக்காரிக்கு இன்னொரு வியாதி உண்டு. செடி ஏன் அப்படிச் செய்தது என்று தெரியாமல் வாய் திறக்க முடியாது. செடி உயிரோடு இருக்கிறது, இலை பச்சையாக இருக்கிறது, பூக்கிறது, பூ மட்டும் நிற்கவில்லை. இதை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேன். எங்கே?

“கொஞ்சம் இருடி, கட் பண்ணாத,” என்று சொல்லிவிட்டு நினைவைக் கிளறினேன். சட்டென்று பிடிபட்டது!

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மலைக்குக் கீழே பேராக் பக்கத்திலிருந்து ஒருவர் நம்மிடம் குடைமிளகாய் நாற்று வாங்கிப் போனார். சில மாதம் கழித்து வந்து ஒரே சண்டை. செடி இடுப்புயரம் நிற்கிறது, ஒரு காய் இல்லை, நாற்று மோசம் என்றார். தவுக்கே உடனே என்னையும் ஏற்றிக்கொண்டு லோரியிலேயே கீழே போனார். செடியைப் பார்த்தார், மண்ணைப் பார்த்தார். கிளம்பலாம் என்று எனக்கு அவசரம். அவரோ அங்கேயே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். பொழுது சாய்ந்தது, இருட்டியது, அப்போதும் அவர் கழுத்தில் வியர்வை வழிந்தது. துண்டால் துடைத்துப் பார்த்துவிட்டு எழுந்தார்.

“ராத்திரியும் சூடு. செடிக்குத் தூக்கமே இல்ல. அப்புறம் எப்படிப் பிள்ளை பெக்கும்?” என்றார்.

அவ்வளவுதான். பகலில் எவ்வளவு வெயில் என்று நாங்கள் எல்லோரும் கேட்டோம். அவர் ஒருவர்தான் இரவு எப்படி இருக்கிறது என்று காத்திருந்து பார்த்தார். குடைமிளகாய், பகல் வெயில் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பொறுத்துக்கொள்ளும், இரவு குளிர வேண்டும். இத்தனை வருடம் அது எனக்குத் தேவைப்படவே இல்லை, ஏனென்றால் இந்த மலையில் எந்த இரவு குளிரவில்லை?

நான் கைப்பேசியை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். குரல் தானாகவே உயர்ந்துவிட்டது.

“புனிதா, அந்த ஊர்ல ராத்திரி போர்வை போர்த்துற மாசம்னு ஒண்ணு இருக்கா?”

“போர்வையா? என்னக்கா கிண்டல் பண்றீங்க? ராத்திரி கதவத் தொறந்தா மூஞ்சில ஆவி அடிக்குது.”

“இப்ப இல்லடி. வருசத்துல எப்பயாவது?”

அவள் யோசித்தாள். “நான் வந்த புதுசுல மெல்லிசா ஒண்ணு போர்த்தினேன். கொஞ்ச நாள்தான்.”

பின்னாலிருந்து குணா எட்டிப் பார்த்தான். “அக்கா, அவ வந்தது குளிரோட கடைசில. டிசம்பர் ஜனவரில நம்ம பிரிஞ்சாங் சந்தைல வாங்கின ஸ்வெட்டரைப் போட்டுக்கிட்டுத்தான் ஒர்க்‌ஷாப்புக்குப் போவேன். விடியக்காலைல பல்லு கிட்டும்.”

“எப்பத்துல இருந்து குளிரும்?”

“நவம்பர் பாதில தொடங்கிரும். அக்டோபர்லயே சாயங்காலம் வெளிய உக்காரலாம்.”

“அடப்பாவி! இத ஏன்டா நீ மார்ச் மாசமே சொல்லல?”

“யாரும் என்னைக் கேக்கலயே அக்கா!”

நான் எழுந்து நின்றுவிட்டேன். சாப்பாட்டுத் தட்டு உருண்டு கீழே விழுந்தது. முளை அறையில் இருந்தவர்கள் எல்லாம் என்ன ஆச்சு என்று எட்டிப் பார்த்தார்கள். எனக்கு ஒன்றும் கண்ணில் படவில்லை. விரலை மடக்கிக் கணக்குப் போட்டேன். பூ நிற்க வேண்டுமென்றால் நவம்பர் கடைசியில் பூக்க வேண்டும். அதற்கு அக்டோபரில் நட வேண்டும். அக்டோபரில் நட நாற்று வேண்டும் என்றால் விதை இப்போதே விழ வேண்டும். இப்போது, இந்தக் கொதிக்கிற ஆகஸ்டில்! ஊரே வெளியே தலைகாட்டப் பயப்படுகிற மாதத்தில் விதை போடுவதுதான் அந்த ஊரின் சரியான மாதம். நம் ஊருக்கு மாதமே கிடையாது, அந்த ஊருக்கு மாதம்தான் எல்லாமே. இவ்வளவு பெரிய விஷயம் புரிந்த சந்தோஷத்தில் எனக்கு முட்டிவலிகூட மறந்துவிட்டது.

“காய்க்கும்!” என்று கத்தினேன். “காய்க்கும்டி! இன்னைக்கே விதை வாங்கு. வெளிய வேணாம், வீட்டுக்குள்ள போடு. நிழல்வலைல நிக்கிற பழைய செடியப் புடுங்காத, பாதிக்கு வெட்டிவிடு, வேர்ல தண்ணி காயாம பார்த்துக்க.”

புனிதா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். “நிச்சயமாவா அக்கா?”

இந்தக் கேள்விக்குத்தான் கவனமாகப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. உற்சாகத்தில் என்ன வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். நான் மூச்சை இழுத்து உட்கார்ந்தேன்.

“மிளகாயைப் பத்தி நிச்சயமாத் தெரியும். குளிர்ந்த ராத்திரி கிடைச்சா பூ நிக்கும். உன் மணல எனக்குத் தெரியாது, தெரியும்னு சொன்னா பொய். தண்ணி உப்புக் கரிக்குதா?”

“குடிக்கிற தண்ணிதான் ஊத்துறேன்.”

“அப்ப மணல்ல நல்லா மக்கின உரத்தைக் கலந்து வை. மீதிய நாம ரெண்டு பேரும் பார்த்துப் பார்த்துப் பண்ணலாம். நீ அங்க என் கண்ணா இரு.”

சரி என்றாள். வேலைக்குக் கிளம்பிய குணா வாசலிலிருந்து திரும்பி வந்து, “நன்றிக்கா,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். பேச்சை முடித்துத் திரும்பினால் தவுக்கே நிற்கிறார். என் கத்தல் கம்போங் ராஜா ஊர் வரைக்கும் கேட்டிருக்கும், அவருக்குக் கேட்காதா?

“காய்க்காது, அவ வந்துருவா பாரு,” என்றார். “கிறிஸ்துமஸ் வரைக்கும் உன் வேலைக்கு நான் ஆள் எடுக்கமாட்டேன்.” நான் வேலை பழக்கிய புனிதாவை என் இடத்தில் வைக்க அவருக்கு அவ்வளவு ஆசை.

அதோடு முடிந்ததா? இல்லை! விதை போட்டுப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகியும் ஒன்றும் முளைக்கவில்லை. புனிதா போன் போட்டு ஒரே அழுகை. விதை பழசு, கடைக்காரன் ஏமாற்றிவிட்டான், ஊரே சாபம் பிடித்தது என்றெல்லாம் புலம்பினாள். நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்.

“தட்டு எங்க இருக்கு? காட்டு.”

காட்டினாள். ஹாலில், ஏர்கோனுக்கு நேர் கீழே! செடி வெந்ததைப் பார்த்த பயத்தில் விதையைக் கொண்டுபோய்க் குளிரில் வைத்திருக்கிறாள். இந்த மலையில் விதைக்குச் சூடு கொடுக்க நாம் என்ன பாடுபடுகிறோம்? தனி அறை, விளக்கு, இரவில் கதவிடுக்கில் சாக்கு. கொதிக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு விதையை நடுங்க வைத்திருக்கிறாளே என்று எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. திட்டவும் திட்டினேன், சிரிக்கவும் சிரித்தேன். “குளிர்பெட்டி தலைமேல வை, மோட்டார் ஓடுறதுல அங்க இளஞ்சூடா இருக்கும்,” என்றேன். அந்த வாரக் கடைசியிலேயே முளைத்துவிட்டது. வெள்ளைக் கழுத்தை நீட்டிக்கொண்டு வரிசையாக நின்ற நாற்றுகளை அவள் காட்டியபோது பள்ளிப்பிள்ளை மாதிரி கைதட்டினேன்.

செப்டம்பர் முடிவதற்குள் அவளுக்குப் பொறுமை போய்விட்டது. நாற்று நன்றாக இருக்கிறது, நட்டுவிடட்டுமா என்று தினமும் கேட்டாள். இங்கேதான் பிள்ளைகளே, நமக்குத் தெரிந்த கணக்கு உதவாது. இங்கே நாற்று தயாரானால் நட்டுவிடலாம். அங்கே நாற்று தயாரானால் போதாது, ஊர் தயாராக வேண்டும். அவளிடம் வெப்பமானி இல்லை. நான் சொன்னேன், “சாயங்காலம் பொழுது இறங்கினதும் அந்த மணல்ல வெறுங்காலோட போய் நில்லு. நிக்க முடிஞ்சா நடு. குதிச்சா வீட்டுக்குள்ள வந்துரு.” செப்டம்பரில் குதித்தாள். அக்டோபர் முதல் வாரமும் குதித்தாள். குணா அதைப் படமெடுத்து எனக்கு அனுப்பினான், பண்ணையே பார்த்துச் சிரித்தது. அக்டோபர் நடுவில் ஒரு மாலை அவள் அசையாமல் நின்றாள். நின்றபடியே கைப்பேசியில் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள்.

நட்டாள். மேற்கு வெயில் அடிக்கிற பக்கம் மட்டும் நிழல்வலை. காய்ந்த பேரீச்ச மட்டையை உதறி வேரடியில் பரப்பச் சொன்னேன், ஈரம் நிற்கட்டும் என்று. பிளாஸ்டிக்கின் பெயரை இரண்டு பேரும் எடுக்கவே இல்லை. நவம்பரில் முதல் பூக்கள் வந்தன, வந்த வேகத்தில் கொட்டின. அன்றைக்கு எனக்கு உண்மையிலேயே பயமாகிவிட்டது. சாப்பாடு இறங்கவில்லை. ஒரு பெண்ணைப் பாலைவனத்தில் மூன்று மாதம் உட்கார வைத்துவிட்டேனே, கடைசியில் ஒன்றுமில்லாமல் போனால் என்ன முகத்தோடு அவளைப் பார்ப்பேன் என்று ஜெபத்தில்கூட மிளகாய்தான் ஓடியது. அவளிடம் காட்டிக்கொள்ளவில்லை. “ராத்திரி போர்த்திட்டியா?” என்று மட்டும் கேட்டேன். “இன்னும் இல்லக்கா,” என்றாள். “அப்ப செடியும் இன்னும் தூங்க ஆரம்பிக்கல. பொறு,” என்றேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம். பண்ணையில் லோரிக்குத் தட்டு ஏற்றிக்கொண்டிருந்தோம். கைப்பேசி அடித்தது. எடுத்தால் முகம் இல்லை, பேச்சு இல்லை, ஒரு இலை மட்டும் தெரிகிறது. புனிதாவின் விரல் அந்த இலையை மெதுவாக விலக்கியது. அடியில் ஒரு பூ. இதழ்கள் காய்ந்து சுருண்டிருந்தன, ஆனால் விழவில்லை. அந்தக் காய்ந்த இதழுக்குள்ளிருந்து பட்டாணி அளவில், பளபளவென்று, பச்சையாக ஒரு பிஞ்சு!

நான் போட்ட சத்தத்தில் லோரிக்காரர் பயந்துபோய் ஹாரனை அடித்துவிட்டார்.

“இது ஒண்ணு இல்லக்கா!” புனிதாவும் கத்தினாள். “இங்க பாருங்க, இங்க பாருங்க, அந்தப் பக்கம் மூணு, பழைய செடில வேற கொத்துக் கொத்தா நிக்குது!”

“டிக்கெட்டு?” என்று கேட்டேன்.

“வேணாம்னு சொல்லிட்டேன். நான் வந்துட்டா இதுக்கெல்லாம் யாருக்கா தண்ணி ஊத்துறது?”

பக்கத்தில் குணா சிரிக்கிற சத்தம் கேட்டது. வாய்விட்டு, நிறுத்த முடியாமல் சிரித்தான். நானும் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது, அது எதற்காக வந்தது என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. அவள் இனி வரமாட்டாள் என்பதும் அதில் இருந்தது. வரவேண்டாம், நன்றாக இரு என்பதும் இருந்தது.

தவுக்கே என் கையிலிருந்து கைப்பேசியை வாங்கிக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அந்தப் பிஞ்சை ரொம்ப நேரம் பார்த்தார். நல்ல பிஞ்சைப் பார்த்தால் அவர் முகம் தானாகவே மலர்ந்துவிடும், அன்றும் மலர்ந்தது. திருப்பிக் கொடுத்தபோதுதான் முகம் வாடியது.

“ஆகஸ்ட்ல நீ காய்க்காதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அவ இப்ப இங்க இருப்பா. உன் முட்டிக்கும் ரெஸ்ட் கிடைச்சிருக்கும். ஏன் சொல்லல?”

“அவ கேட்டது மிளகாயைப் பத்தி தவுக்கே. மிளகாயைப் பத்தித்தானே பதில் சொல்லணும்?”

லோரியில் கடைசித் தட்டை அவரே தூக்கி ஏற்றினார். கையைத் துடைத்துக்கொண்டு, “சரி லா, ஆள் தேவைன்னு பலகை எழுதி வாசல்ல மாட்டு,” என்றார்.

மாட்டினேன். அதைப் பார்த்துவிட்டுத்தான் நீங்கள் இரண்டு பேரும் உள்ளே வந்து வேலை இருக்கிறதா என்று கேட்டீர்கள்.